பச்சைப் புள்ளி

நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டி,
பட்டியிலிருந்து இரண்டு வயர்,
ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு.
வயர் பிடித்துப் பதினாறு வருசம் உழைத்தவன் நான்.
இந்த இரண்டையும் தொடக்
கை கூசுகிறது.

முப்பத்தொரு கிழமையில் பிறந்தவள்.
ஒரு கிலோவும் நாநூற்றுப் பத்துக் கிராமும்.
பேர் இன்னும் அவளுக்குப் பெரிது: நுஸைபா.
கல்முனை ஆஸ்பத்திரியில் நாற்பத்தாறு நாள்
கண்ணாடிக்குள் கிடந்து
சாய்ந்தமருதுக்கு வந்தாள்,
கையெழுத்து வைத்து இரவல் வாங்கிய மெசினோடு.
திருப்பிக் கொடுக்கவேண்டியது மெசினை மட்டும்தானே என்று
றிஸ்வியா இரண்டு தரம் கேட்டாள்.
மிஸ் சிரிக்கவில்லை.

மூச்சு வந்தால் பச்சைப் புள்ளி ஒருக்கா மினுங்கும்.
இருபது செக்கன் வராவிட்டால் கத்தும்.
"கத்தினா மெசினப் பாக்காதீங்க,
புள்ளயப் பாருங்க.
உதடு என்ன நிறம்? நெஞ்சு எழும்புதா?
உள்ளங்காலில ஒரு சுண்டு சுண்டுங்க."
அதைக் கறண்ட் பில்லின் பின்பக்கத்தில் எழுதி
அலுமாரியில் ஒட்டினேன்.

முதல் கிழமை பதினொரு தரம் கத்தியது.
பத்துத் தரம் பட்டி நழுவியது.
ஒரு தரம்...
அதை நாங்கள் இருவரும் இன்னும் பேசவில்லை.
சுண்டிய விரலை
அன்று முழுக்கச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தேன்.

பழகிவிட்டது என்று சொல்லமாட்டேன்.
சோறு தின்னும்போது
புள்ளியின் கணக்குக்கு மென்றேன்.
தொழுகையில் றக்அத் பிசகியது,
எண்ணிக்கொண்டிருந்தது வேறொன்றை.

மார்கழி மழை. ராத்திரி ஒன்றேகாலுக்குப் போன்.
தென்னை முறிந்து லைனில் கிடக்கிறதாம்,
எங்கள் ஒழுங்கையில்தான்.
ட்ரான்ஸ்போமரில் பியூசை இழுக்கவேண்டியவன் நான்,
என் வீட்டுக் கறண்டை
என் கையாலேயே.

"நிப்பாட்டப் போறன்" என்றேன் போனில்.
"பெற்றரிக்கு மாத்திட்டன்" என்றாள்.
"நீங்க வழுக்காம ஏறுங்க."

இழுத்தேன்.
பள்ளி மினாரா, சலூன், பாமசி,
நூற்றிச் சொச்சம் வீடு
எல்லாம் ஒரேயடியாய்ப் போய்க் கடலோடு சேர்ந்தன.

தூணில் எனக்கும் ஒரு பட்டி, இடுப்பில்.
கொளுவிவிட்டுத் திரும்பினால்
இருட்டுக்குள் எங்கள் யன்னல்.
யன்னலுக்குள் பச்சைப் புள்ளி.
என் பச்சப்புள்ள.
அது மினுங்க மினுங்கக்
கம்பியை முறுக்கினேன்.

மறுகா அது இல்லை.

ஒன்று. இரண்டு.
யன்னல் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை.
ஏழு. கீழே நின்ற தவநேசன்
டோர்ச்சை என் முகத்துக்கு அடித்து
"என்ன மச்சான்?" என்கிறான்.
பன்னிரண்டு. தலைக்கவசத்தில் மழை கொட்டுகிறது,
கத்தினாலும் கேட்காது.
பதினேழு.
மெசினப் பாக்காதீங்க, புள்ளயப் பாருங்க.
மிஸ்,
முப்பதடி உயரத்தில் நின்று
எப்படிப் பார்ப்பது?
இருபது.
இருபத்தொன்றை நான் எண்ணவில்லை.
போன் மழைக்கோட்டுக்கு உள்ளே,
கை ரப்பருக்கு உள்ளே.
கையுறையைப் பல்லால் கடித்து இழுத்தேன்.

அப்போது வந்தது புள்ளி,
கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி.

பால் கொடுக்க எழும்பினவள்
யன்னலுக்கும் மெசினுக்கும் நடுவில்
இருந்துவிட்டாளாம்.
விடியத்தான் சொன்னாள்.
நான் எண்ணினதைச் சொல்லவில்லை.
கையுறையில் பல் பட்ட இடத்தைப் பார்த்து
"எலி கடிச்சிருக்கு" என்றாள்.
ஓம் என்றேன்.

மூன்று மணிக்குப் பியூசைத் திரும்பப் போட்டது ஞாபகம்.
ஒழுங்கை முழுக்க வெளிச்சம் வந்தது.
யாரோ ஒரு வீட்டில் சின்னப் பிள்ளைகள் கூவினார்கள்.
அந்த வெளிச்சத்தில்,
எவ்வளவு தேடியும்,
புள்ளி எதுவென்று தெரியவில்லை.